பட்டுக்கடைப் பையில் மருந்துச் சீட்டு

எங்கள் கிளினிக்கில் ஒரு போர்டு இருக்கிறது. ஐந்தடி நீளம், வெள்ளையில் பச்சை எழுத்து. ‘ஒருங்கிணைந்த மனநல சிகிச்சை, குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும்’ என்று எழுதி, அதற்குக் கீழே என் பெயரும் நான் வாங்கிய பட்டங்களும். சென்னையில் நல்ல ஆளிடம் கொடுத்துச் செய்த போர்டு. பதினோரு வருஷமாக அது என் அறையில் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. கூட்டிப் பெருக்க வரும் அம்மா பொங்கலுக்குப் பொங்கல் அதை வெளியே இழுத்துத் தூசி தட்டி, “இதை எடைக்குப் போட்டுடலாமாம்மா?” என்று கேட்பார். இருக்கட்டும் என்பேன். திரும்ப உள்ளே போய்விடும்.

நான் சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவள். சென்னையில் படித்து, அங்கேயே ஒரு பெரிய மருத்துவமனையில் மனநல மருத்துவராகப் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். ‘ஊருக்கு ஏதாவது செய்யணும்’ என்ற காய்ச்சல் ஒரு வயதில் எல்லாருக்கும் வரும். எனக்குக் கொஞ்சம் பலமாகவே வந்தது. இடம் தேடப் போனபோதுதான் ஊருக்கு என்னிடமிருந்து எதுவும் வேண்டாம் என்று தெரிந்தது. ஏழெட்டு வீட்டுக்காரர்கள், நான் என்ன டாக்டர் என்று கேட்கும்வரை காபி கொடுத்து உபசரித்தார்கள். பதில் சொன்னதும் அந்த மாடி ஏற்கெனவே யாருக்கோ பேசி முடித்தாகிவிட்டது என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். ஒருவர் மட்டும் நேராகவே கேட்டார்: “மேல வர்ற பைத்தியம் எதுனா கீழ குதிச்சிட்டா போலீஸுக்கு யாரும்மா பதில் சொல்றது?” அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. மனதில் இருந்ததைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் முதல் மாடி கிடைத்தது. கடை முதலாளி நல்ல மனுஷர். மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தானே போட்டுக் கொடுத்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“போர்டு மட்டும் வேணாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம கடைக்கு வர்றவங்க அத்தனை பேரும் முகூர்த்தப் புடவை எடுக்க வர்றவங்க. வாசல்ல கால் வைக்கும்போதே மனநலம்னு கண்ணுல பட்டுச்சுன்னா சகுனம் சரியில்லன்னு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. வாய் வழியா தெரிஞ்சு வர்றவங்க வரட்டும். நான் வேணாம்னா சொல்றேன்?”

சரி என்றேன். போர்டா வைத்தியம் பார்க்கப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

முதல் வருஷத்திலேயே வந்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்தான் தொடங்கி வைத்தார். தூக்கமே இல்லாமல் தவித்தவர். வீட்டில் கிடந்த பழைய பட்டுக்கடைக் கட்டைப்பை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். போகும்போது மருந்துச் சீட்டும் மாத்திரையும் அந்தப் பைக்குள் போகும். தெருவில் பார்ப்பவர்களுக்குப் புடவை எடுத்துக்கொண்டு போகிறவர். இரண்டு மாதத்தில் எல்லாருமே பையோடு வர ஆரம்பித்தார்கள். பை இல்லாமல் வந்தவர்கள் கீழே இறங்கத் தயங்கிப் படியிலேயே நிற்பதைப் பார்த்து, கடை முதலாளியே ஒரு கட்டுப் புதுப் பை மேலே அனுப்பினார். கோபுரம் படம் போட்ட, சிவப்பும் மஞ்சளுமான பை. “நமக்கும் விளம்பரம்தானேம்மா” என்றார். அந்தக் கட்டு என் மேஜைக்குக் கீழே, வலது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நானே எடுத்துக் கொடுப்பேன். இந்த ஊர்க் கல்யாணங்களுக்கு எத்தனை பட்டுப்புடவை விற்றதோ தெரியாது, அந்தப் பையில் தூக்க மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் ஏராளமாகப் போயிருக்கின்றன.

‘ஒருங்கிணைந்த’ என்ற வார்த்தையை நான் ரொம்ப நம்பித்தான் போர்டில் போட்டேன். மாத்திரை மட்டும் போதாது, உட்கார்ந்து பேச வேண்டும், தூக்கத்தை ஒழுங்குபடுத்த வேண்டும், சாப்பாடு, மூச்சுப் பயிற்சி, யோகா, எல்லாவற்றுக்கும் மேலே வீட்டில் இருப்பவர்களையும் கூட உட்கார வைத்துப் பேச வேண்டும். ஆரம்பத்தில் வருகிற ஒவ்வொருவருக்கும் இதை அரைமணி நேரம் விளக்குவேன். ஊர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அதில் தனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டது. நான் ‘யோகா மேடம்’ ஆனேன். என்னிடம் பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார்கள் பள்ளிக்கூடத்தில் அபாகஸ் கிளாஸ் என்று சொல்லியிருந்தார்கள். ஓரிடத்தில் இரண்டு நிமிஷம் உட்கார முடியாத ஒரு பையன், “மேடம், அபாகஸ் எப்போ சொல்லித் தருவீங்க?” என்று என்னிடமே கேட்டான். சிரித்தேன். அதையும் திருத்தவில்லை.

அந்தப் பெண் வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா வீட்டில் தறி நெய்பவர், அம்மா நூல் சுற்றிக் கொடுப்பவர். ஐந்து நாள் கண் மூடவில்லை. வாய் ஓயவில்லை. தனக்குக் கலெக்டர் வேலை வந்துவிட்டது என்று தெருவில் எல்லாருக்கும் சொல்லி, அதைக் கொண்டாடக் காதுத் தோட்டைக் கழற்றிப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்திருந்தாள். கோயிலுக்குக் கூட்டிப்போய், கயிறு மந்திரித்துக் கட்டி, இரண்டும் பலிக்காமல் மூன்றாவதாக என்னிடம் வந்தார்கள். பைபோலார் என்று இந்த நோய்க்குப் பெயர். சில வாரம் மனம் கட்டுக்கடங்காமல் மேலே ஏறும், சில மாதம் எழுந்திருக்க முடியாமல் கீழே இறங்கும். லித்தியம் என்ற மாத்திரைக்கு இது நன்றாகக் கட்டுப்படும். ஆனால் அந்த மாத்திரையை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ரத்தத்தில் அளவு கொஞ்சம் கூடினாலும் விஷம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் சோதிக்க வேண்டும்.

அவளுக்கு நன்றாகக் கட்டுப்பட்டது. இரண்டு மாதத்தில் தெளிந்துவிட்டாள். தெளிந்தபின் பார்த்தால் அத்தனை வாயாடி, அத்தனை கூர்மை. முதல்முறை அவள் கையிலேயே மருந்தைக் கட்டைப்பையில் போட்டுக் கொடுத்தபோது பையைத் திறந்து பார்த்துவிட்டு, “எதுக்கு மேடம் பை? நான் எதுவும் வாங்கலயே” என்றாள்.

“பழகிக்கோ” என்றேன்.

அம்மா பையை வாங்கிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. பேசலாம், எதையும் மறைக்க வேண்டாம், இது சர்க்கரை வியாதி மாதிரி ஒரு வியாதிதான் என்று அதற்கு முந்தின ஒரு மணி நேரமாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறு வருஷம் ஒழுங்காக வந்தாள். பி.காம். முடித்து, ஒரு ஜவுளிக்கடையில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலைக்குப் போனாள். நோய் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பெற்றோருக்குப் பிள்ளைகளில் இருப்பதுபோல மருத்துவர்களுக்கு நோயாளிகளிலும் செல்லம் உண்டு, வெளியே சொல்ல மாட்டோம். அவள் என் செல்லம். இந்த ஊருக்கு நான் வந்தது வீண் இல்லை என்பதற்கு அவளைத்தான் மனதுக்குள் சாட்சி வைத்திருந்தேன்.

அவளுக்கு இருபத்திரண்டு நடக்கும்போது அம்மா தனியாக வந்தார். திருப்புட்குழியில் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகச் சொன்னார். கொஞ்சம் நிலம் உள்ள குடும்பம், பையன் கம்பெனியில் வேலை, நல்லவன்.

“அவங்க வீட்டுல சொல்லிட்டீங்களா?” என்றேன்.

“என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? சொன்னா யார் கட்டிக்கினு போவாங்க?”

சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். நானே வந்து பேசுகிறேன் என்றும் சொன்னேன். அவர் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னார்: “தறியில பாவு இழை அறுந்துபோனா என்னம்மா பண்றோம்? முடிச்சுப் போட்டு ஓட்டிக்கினே போறோம். ஒரு புடவைக்கு எத்தினி முடிச்சு இருக்குதுன்னு எந்தக் கடைக்காரனாவது வாங்கறவங்ககிட்ட சொல்றானா? கட்டிக்கினு போறாங்க, கிழியுதா? நீங்க போட்ட முடிச்சு கெட்டியாத்தானே இருக்குது. அப்புறம் எதுக்கு அவுத்துக் காட்டணும்?”

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. அதுதான் நடந்தது, வேறு சமாதானம் இல்லை. இருபது வருஷம் படித்தவள், அந்த ஒரு உவமையில் விழுந்தேன். ‘நீங்க போட்ட முடிச்சு’ என்று என் வேலையையும் சேர்த்துப் புகழ்ந்ததில் இன்னும் நன்றாக விழுந்தேன். அவர் எழுந்திருக்கும்போது, கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரையை எப்படி மறைப்பது என்பதைத்தான் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் அவள் வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். உட்காராமலே கேட்டாள்.

“மேடம், அவருகிட்ட நானே சொல்லிடறேனே. போன்ல தினம் பேசறாரு. நல்லா பேசறாரு. எத்தினியோ தடவ வாய் வரைக்கும் வந்துடுச்சு. நீங்க சரின்னா சொல்லிடுவேன்.”

ஆறு வருஷமாக நான் அவளிடம் எதற்காகப் பேசினேனோ, அது அவள் வாயில் வந்து நின்றது. நான் சரி என்றால் போதும். எனக்கு அவள் அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. கல்யாணம் நின்றுபோனால் அவள் படுத்துவிடுவாளே என்ற பயம் வந்தது. நின்றுபோனால் ஊர் என்னைச் சொல்லுமே என்பதும் எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்கும். இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

“இப்போ வேண்டாம்மா. கல்யாணம் முடியட்டும். ஒருத்தரை ஒருத்தர் நல்லாப் புரிஞ்சிக்கிட்டதும் நிதானமா சொல்லலாம்.”

“அப்போ சொன்னா ஏமாத்துனதா ஆகாதா?”

“எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு” என்றேன். எவ்வளவு அழகாகச் சொன்னேன்! கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னேன்.

“நான் என்ன விக்கறதுக்கா இருக்கேன் மேடம்?” என்று மட்டும் கேட்டாள். அவள் அம்மா அந்தத் தறி உவமையை வீட்டிலும் சொல்லியிருப்பார்போல. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தது எங்கள் கீழ்க் கடைக்கே. அது யாரும் திட்டமிட்டதில்லை. அன்று நான் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஜன்னல் வழியாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் குரலும் கேட்டது. மாமியார் இன்னொரு கலர் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கொலைக் குற்றவாளியைப்போல மாடியில் பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண் வீட்டார் எனக்குப் பத்திரிகையும் வைத்தார்கள். வைத்துவிட்டு வாசல்வரை போன அம்மா திரும்பி வந்து, “கோவிச்சுக்காதீங்கம்மா, கல்யாணத்துக்கு வந்துடாதீங்க. எப்படிப் பழக்கம்னு யாராவது கேட்டுட்டா...” என்றார். கோவிச்சுக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. மொய்க்கவரை அவரிடமே கொடுத்து அனுப்பினேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் அந்தக் காரியத்தைச் செய்தேன். கடையில் விற்கிற இரும்புச் சத்து மாத்திரை டப்பா ஒன்றை வாங்கி, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, லித்தியம் மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேன். மேலே வெள்ளைத்தாள் ஒட்டி என் கையாலேயே எழுதினேன்: ‘சத்து மாத்திரை. காலை ஒன்று, இரவு ஒன்று. சாப்பாட்டுக்குப் பின்.’ மருந்துக்கு வேறு பெயர் எழுதி ஒட்டுவது எவ்வளவு பெரிய தப்பு என்று முதல் வருஷ மாணவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இந்த ஊருக்கு இப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ‘இந்த ஊருக்கு’ என்று சொல்லிவிட்டால் எதையும் செய்துவிடலாம்.

எட்டு மாதம் எல்லாம் நன்றாகவே போனது. அம்மா வீட்டுக்கு வருகிற சாக்கில் வந்து ரத்தம் கொடுப்பாள். பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவாள். மாத்திரையை அதே டப்பாவில் நிரப்பிக் கொடுப்பேன். கணவரிடம் சொல்லியாயிற்றா என்று இரண்டுமுறை கேட்டேன். “நீங்கதானே மேடம் நேரம் இருக்குதுன்னு சொன்னீங்க. எனக்கு அந்த நேரம் எதுன்னே தெரியல. இப்போ சொன்னா, இத்தினி நாளு ஏன் சொல்லலன்னுதானே கேப்பாரு?” என்றாள். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை.

அவளுடைய நாத்தனார் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. மாமியாருக்கு மகள்மேல் கவலை. மருமகள் தினமும் சாப்பிட்டு ஆரோக்கியமாக இருக்கிற சத்து மாத்திரை அலமாரியில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. டாக்டர் கையெழுத்தில் எழுதியும் இருக்கிறது. நம் வீடுகளில் ஒருவருக்கு வாங்கிய டானிக்கை வீடே குடிக்கும், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அந்த அம்மா ஒரு தாய் செய்வதைத்தான் செய்தார். மகளுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார். நாலாம் நாள் கொடுக்கும்போதுதான் இவள் பார்த்தாள்.

இவள் போய் நாத்தனார் கையைத் தட்டிவிட்டாள். மாத்திரை தரையில் உருண்டது. என்ன, ஏன் என்று எல்லாரும் கத்த, அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “எத்தினி நாளா கொடுக்கறீங்க?” மூணு நாளா என்றதும் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இது சத்து மாத்திரை இல்லை, எனக்குப் பதினாறு வயசுலேர்ந்து மனசுல வியாதி, இது அதுக்கான மாத்திரை, வயித்துல குழந்தை இருக்கும்போது இப்படிச் சாப்பிடக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க என்று.

அடுத்து எனக்குப் போன் செய்தாள். குரலில் நடுக்கமே இல்லை. நாத்தனாரின் மாதம், எடை, எத்தனை மாத்திரை, எந்த நேரத்தில் என்று வரிசையாகச் சொன்னாள். ஒரு நர்ஸ்கூட அப்படிச் சொல்லமாட்டாள். பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் நானே பேசினேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், இரண்டு நாள் வைத்திருந்தார்கள். தாய்க்கும் ஒன்றுமில்லை, குழந்தைக்கும் ஒன்றுமில்லை. பிறகு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது.

இவளை மட்டும், கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டுப் போனார்கள்.

அம்மா அவளை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அத்தனை கோபமும் மகள்மேல்தான். “எக்ஸ்பைரி ஆயிடுச்சுன்னு சொல்லிப் புடுங்கி வச்சிருக்கலாம்ல? வாயை மூடிக்கினு இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நீங்களே சொல்லுங்கம்மா, குழந்தைக்குத்தான் ஒண்ணும் ஆவலயே!”

“ஒண்ணும் ஆவலன்னு டாக்டர் பார்த்து சொன்னதுக்கு அப்புறம்தானம்மா தெரியும்?” என்றாள் அவள். “மூணு மாத்திரை உள்ள போயிடுச்சு. என்ன மாத்திரைன்னு சொல்லாம எப்படி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறது?”

அந்த அறையில் மருத்துவர் மாதிரிப் பேசியது அவள் ஒருத்திதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்புட்குழிக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். இது கட்டுப்படும் நோய், ஆறு வருஷமாக ஒருமுறைகூடத் திரும்பவில்லை, வேலைக்குப் போனாள், குழந்தை பெற்றுக்கொள்ளலாம், இத்தனையும் வரிசையாக. மாமியார் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

“இது உங்க கையெழுத்தாம்மா?”

“ஆமாம்.”

“படிச்சவங்க எழுதினதுன்னு நம்பித்தான் பொண்ணுக்குக் கொடுத்தேன்.” அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “டாக்டரம்மா, எனக்கு இந்த வியாதி தெரியாதுன்னு நினைச்சிட்டீங்களா? என் கூடப் பொறந்த தம்பிக்கு இருந்துச்சு. ஊர் ஊரா கோயிலுக்கும் தர்காவுக்கும் கூட்டிக்கினு அலைஞ்சோம். மாத்திரைன்னு ஒண்ணு இருக்குதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. ஒரு நாளு வீட்டை விட்டுப் போனவன் திரும்பி வரவே இல்ல. மாத்திரை சாப்பிட்டு ஒரு பொண்ணு இவ்ளோ நல்லா இருக்குதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நான் ஏம்மா வேணாம்னு சொல்லப் போறேன்?”

உண்மையிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாரா? எனக்குத் தெரியாது. முன்பே சொல்லியிருந்தால் அதே தம்பியைக் காட்டி, இன்னொரு முறை என்னால் ஆகாது என்றும் சொல்லியிருக்கலாம். மனிதர்கள் நடந்து முடிந்ததற்குப் பிறகு நல்லவர்கள் ஆவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அம்மாவுக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல ஒரு நேரம் இருந்தது. அதை அவரிடமிருந்து எடுத்து ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடியவள் நான்.

அவர் மகன் கம்பெனிச் சட்டையோடு வெளியே வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஷிஃப்டுக்குக் கிளம்புகிற நேரம். நான் பக்கத்தில் போனதும் வண்டிச் சாவியையே பார்த்துக்கொண்டு சொன்னான்: “எட்டு மாசமா தினம் என் எதிர்லதான் மேடம் அந்த மாத்திரையைப் போட்டுக்கினா. தண்ணி எடுத்துக் கொடுக்கறதே நான்தான்.” வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். நான் மனப்பாடம் செய்துகொண்டு போன எதுவும் அதற்குப் பதில் ஆகாது. உள்ளே மோர் கொடுத்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு குடித்துவிட்டு வந்தேன்.

அவர்கள் திரும்ப அழைக்கவில்லை. சண்டை இல்லை, பஞ்சாயத்து இல்லை. நகையும் பாத்திரமும் ஒரு வேனில் வந்து இறங்கின. முகூர்த்தப் புடவையும் வந்தது. அவளுடைய அப்பா இரண்டு நாள் தறியில் உட்காரவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்தார்.

ஊர் யாரைச் சொன்னது? என்னை இல்லை. யோகா மேடத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. பைத்தியக்காரப் பெண்ணை ஏமாற்றிக் கட்டிவைத்த குடும்பம் என்று அவர்களைத்தான் பேசியது. என்னிடம் வருகிறவர்கள் குறையவில்லை, இன்னும் கொஞ்சம் கூடினார்கள். ‘அந்த மேடம்கிட்ட போனா வெளிய தெரியாம பார்த்துக்குவாங்க’ என்று பெயர் வந்திருந்ததாம். கீழ்க் கடை முதலாளிதான் சந்தோஷமாக வந்து சொன்னார்.

அன்று பீரோவை நகர்த்திப் போர்டை வெளியே எடுத்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். “இந்த ஐப்பசி, கார்த்திகை சீசன் முடியட்டும்மா. அப்புறம் பேசிக்கலாம்” என்றார். முகூர்த்த மாதங்கள். சரி, முடியட்டும் என்று திரும்ப உள்ளே வைத்தேன். அதற்குப் பிறகு தை வந்தது, அதுவும் முகூர்த்த மாதம்தான்.

அவளுக்கு நோய் திரும்பவில்லை. அத்தனை அடி விழுந்தும் திரும்பவில்லை. ஒரு நாள்கூட மாத்திரையை விடவில்லை, இப்போது அட்டையிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டாள். என் கோப்பில் அவளுடைய பக்கத்தைப் புரட்டினால் ரத்த அளவு சரி, தூக்கம் சரி, வேலை சரி. மருத்துவ மாநாட்டில் காட்டினால் கைதட்டுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டோக்கன் போடாமல், தனியாக வந்தாள். முன்வாசல் வழியாக, கடைக்காரப் பையன்கள் பார்க்கப் படியேறி வந்தாள். கையில் எதுவும் இல்லை.

“ஒரு லெட்டர் வேணும் மேடம். இனிமே ஜி.எச்.லயே பார்த்துக்கறேன்.”

மேஜைமேல் இருந்த பேனாவைத் தேடுகிற மாதிரி தேடினேன். பிறகு ஒரு சேல்ஸ்மேன் மாதிரி பேச ஆரம்பித்தேன். அங்கே கூட்டம், அரைநாள் வரிசையில் நிற்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு டாக்டர் மாறுவார், உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது, மூச்சுப் பயிற்சி கிடையாது, குடும்பத்தோடு பேசமாட்டார்கள். இங்கே எல்லாம் இருக்கிறது என்றேன். கட்டணம்கூட வேண்டாம் என்றேன்.

அவள் முடியும்வரை கேட்டாள். அவள் எப்போதும் நன்றாகக் கேட்பவள்.

“அங்க வெளிய போர்டு இருக்குது மேடம். மனநலப் பிரிவுன்னு பெருசா எழுதியிருக்காங்க. அந்த வரிசையில போயி நின்னா போதும், எதுக்கு நிக்கறேன்னு நான் யாருக்கும் சொல்லவும் வேணாம், மறைக்கவும் வேணாம். நேத்து போயி பார்த்துட்டுத்தான் வந்தேன். எங்க தெருக்காரங்க ரெண்டு பேரு நின்னுக்கினு இருந்தாங்க.”

எழுதினேன். நோயின் பெயரை வழக்கம்போல ஆங்கிலத்தில் கிறுக்கினேன். “தமிழ்லயும் எழுதுங்க” என்றாள். எழுதினேன். மருந்தின் பெயரையும் தமிழில் எழுதச் சொன்னாள். லி, த், தி, ய, ம் என்று குழந்தைக்கு எழுதிக் காட்டுவதுபோல நிறுத்தி எழுதினேன். கண் மங்கியதால் வரி கொஞ்சம் கோணியது. அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். அவள் அழவில்லை. மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் வலது கை மேஜைக்குக் கீழே போனது. பதினோரு வருஷப் பழக்கம். பைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, உதறிப் பிரித்து, கடிதத்தை மடித்து உள்ளே போட்டு, கோபுரம் அவள் பக்கம் தெரியும்படி நீட்டியது.

அவள் பையை வாங்கினாள். கடிதத்தை வெளியே எடுத்துக்கொண்டு, பையை நன்றாக மடித்து மேஜைமேல் வைத்தாள்.

“நான் எதுவும் வாங்கலயே மேடம்” என்றாள்.